காய்ச்சல் நாளுக்கான வழி: குளூட்டாரிக் அசிடூரியா உள்ள ஒரு குழந்தையின் விழுங்கலும் பேச்சும் உடலியக்கமும்

வன்னியில், மாங்குளம்–முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே விலகியிருக்கும் ஒரு விவசாயக் கிராமத்துக் குழந்தையின் நிகழ்வு இது. பெற்றோரின் சம்மதத்துடன் பதிவுசெய்கிறேன். குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை விட்டிருக்கிறேன், சிலவற்றை மாற்றியிருக்கிறேன். நான் பேச்சு மொழிச் சிகிச்சையாளர். குளூட்டாரிக் அசிடூரியா போன்ற அனுசேபக் கோளாறு, அதாவது உணவை உடைத்துப் பயன்படுத்தும் உடலின் வேலையில் பிறவிப் பழுது, உள்ள குழந்தையின் வாய்க்குள் என்ன போகிறது, எப்படிப் போகிறது என்று நாம் எடுக்கும் முடிவு அக்குழந்தையின் மூளையைக் காக்கும் முடிவாகவும் ஆகிவிடுகிறது. அதை இந்த நிகழ்வு தெளிவாகக் காட்டுவதால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

பின்னணி

குழந்தை ஆண், பெற்றோருக்கு இரண்டாவது பிள்ளை. மூத்தவள் நலமாக இருக்கிறாள், பாடசாலைக்குப் போகிறாள். தகப்பன் குத்தகைக்கு வயல் செய்கிறார், போகம் இல்லாத மாதங்களில் கூலி வேலைக்குப் போகிறார். அவர் தாய்க்குச் சொந்த மச்சான். வன்னியில் இது புதுமையும் அல்ல, குற்றமும் அல்ல. ஆனால் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் ஒரே பழுதான மரபணு வந்து சேரும்போது மட்டுமே தோன்றும் நோய்களுக்குச் சொந்தத்துக்குள் செய்யும் திருமணம் வாய்ப்பைக் கூட்டுகிறது.

குடும்ப வரலாறு கேட்டபோது பெற்றோர் "பரம்பரை நோய் ஒன்றும் இல்லை" என்றார்கள். அருகில் இருந்த அம்மம்மாதான் சற்று யோசித்துவிட்டு வேறொன்றைச் சொன்னார். தகப்பனின் அக்காவும் சொந்தத்துக்குள்தான் திருமணம் செய்தவர். அவருடைய ஆண் குழந்தை 2009 இல், குடும்பம் செட்டிகுளத்து முகாமில் இருந்தபோது, காய்ச்சலும் வலிப்பும் வந்து இறந்துவிட்டது. அந்த மரணத்துக்குக் காரணம் தேடும் நிலையில் அன்று எவரும் இருக்கவில்லை. அதுவும் இதே நோய்தானா என்று இனி அறிய முடியாது. ஆயினும் வன்னியில் குடும்ப வரலாறு எடுப்பவர்கள் "பரம்பரையில் நோய் உண்டா" என்ற ஒரு கேள்வியோடு நிறுத்தக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. போரின் இழப்புகளோடு சேர்த்து எண்ணப்பட்டுவிட்ட குழந்தைகளைப் பற்றித் தனியாகவும் பொறுமையாகவும் கேட்க வேண்டும். அந்தக் கேள்வி வலிக்கும். அதனால் அதைக் கேட்பதற்குத் தனி அறையும் போதிய நேரமும் வேண்டும்.

பிறப்பு சுகப்பிரசவம். பிறந்தபோதே தலை சற்றுப் பெரிது. கிளினிக் கொப்பியில் தலைச் சுற்றளவு மாதந்தோறும் மேல்நோக்கி ஏறி, மூன்றாம் மாதத்தில் மேல் கோட்டைத் தாண்டியிருந்தது. தகப்பனுக்கும் பெரிய தலைதான் என்று வீட்டில் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். கழுத்து நிற்கச் சற்றுத் தாமதமானது. ஆனால் ஒன்பது மாதமாகும்போது பிடித்து உட்கார்த்தினால் இருந்தான், பொருளைக் கைமாற்றினான், "ம்மா", "ப்பா" என்று மழலை பேசினான். எடை ஏறாததால் கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷா என்ற சத்துமா தொடங்கப்பட்டிருந்தது.

காய்ச்சலும் அதற்குப் பிறகும்

பத்தாம் மாதம், மாரிக்காலம். காய்ச்சல், வாந்தி, வயிற்றோட்டம். இரண்டு நாட்களாகத் தண்ணீரையும் கஞ்சித் தெளிவையும் தவிர எதுவும் இறங்கவில்லை. மூன்றாம் நாள் துவண்டுபோனான், பிறகு வலிப்பு வந்தது. முதலில் அருகிலிருந்த வைத்தியசாலை, அங்கிருந்து அம்புலன்ஸில் பெரிய வைத்தியசாலை. மூளைக்காய்ச்சல் என்று கருதிச் சிகிச்சை தொடங்கினார்கள். காய்ச்சலும் வலிப்பும் உணர்விழப்புமாக வரும் குழந்தைக்கு முதலில் அதைத்தான் நினைக்க வேண்டும். முதுகுத்தண்டு நீரில் தொற்று எதுவும் இருக்கவில்லை.

உயிர் தப்பினான். ஆனால் வீட்டுக்குத் திரும்பியபோது கழுத்து நிற்கவில்லை, மழலையும் நின்றுபோயிருந்தது. சில வாரங்களில் அந்தத் துவட்சி மாறி உடல் முறுகத் தொடங்கியது: முதுகு வில்லாக வளைந்தது, கைகள் திருகின, வாய் பெரிதாகத் திறந்து நாக்கு வெளியே தள்ளியது. யாழ்ப்பாணத்தில் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் பக்கப் பகுதிகளைச் சுற்றிய இடைவெளிகள் இரு புறமும் விரிந்திருந்தன. ஆழத்தில், அசைவை ஒழுங்குபடுத்தும் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதி இரு புறமும் பாதிக்கப்பட்டிருந்தது. அங்கிருந்த குழந்தை மருத்துவர் இந்தப் படத்தையும் கிளினிக் கொப்பியின் தலைச் சுற்றளவையும் அருகருகே வைத்துப் பார்த்து, சிறுநீரில் கரிம அமிலப் பரிசோதனை கேட்டார். மாதிரிகள் கொழும்புக்குப் போயின. சிறுநீரில் குளூட்டாரிக் அமிலமும் 3-ஹைட்ரொக்சி குளூட்டாரிக் அமிலமும், இரத்தத்தில் குளூட்டாரைல் கார்னிட்டினும் உயர்ந்திருந்தன. நோயின் பெயர் தெரியவந்தபோது குழந்தைக்கு 13 மாதம்.

குளூட்டாரிக் அசிடூரியா வகை 1 முதன்முதலில் 1975 இல் விவரிக்கப்பட்டது. உலக அளவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பிறப்புக்கு ஒன்று என்று கணிக்கப்படுகிறது. புரதத்திலுள்ள லைசின், ட்ரிப்டோஃபான் ஆகிய அமினோ அமிலங்களை உடைக்கும் பாதையில் ஒரு நொதியம் இந்தக் குழந்தைகளில் வேலை செய்வதில்லை. அதனால் தேங்கும் அமிலங்கள் மூளைக்கு நஞ்சாகின்றன. சாதாரண நாட்களில் குழந்தை ஓரளவு சமாளித்துக்கொள்ளும். காய்ச்சல், வாந்தி, பட்டினி வரும்போது உடல் தன் தசைப் புரதத்தையே உடைக்கத் தொடங்குகிறது. அப்போது அமிலங்கள் பெருகி, சில மணித்தியாலங்களிலோ நாட்களிலோ ஸ்ட்ரையேட்டம் அழிகிறது. இந்த நெருக்கடி பெரும்பாலும் 3 முதல் 36 மாதங்களுக்குள் வருகிறது, 6 வயதுக்குப் பிறகு மிக அரிது. பிறந்தவுடன் கண்டுபிடித்து, லைசின் குறைந்த உணவும், தேங்கும் அமிலத்தை வெளியேற்ற உதவும் கார்னிட்டினும் கொடுத்து, ஒவ்வொரு காய்ச்சலையும் அவசர நிலையாக நடத்தினால் பெரும்பாலான குழந்தைகள் தப்புகிறார்கள். இலங்கையில் பிறந்த குழந்தையின் குதிக்காலில் இரத்தம் எடுத்துத் தைராய்டுக் குறைபாடு பார்க்கப்படுகிறது, இந்த நோய்க்கு அப்படிப் பார்ப்பதில்லை.

14 மாதத்தில் கண்டவை

எங்களிடம் வந்தபோது எடை 6.9 கிலோ. வளர்ச்சி அட்டையின் கடைசிக் கோட்டுக்கும் கீழே. தூங்கும்போது உடல் எந்தக் குழந்தையையும் போல் இளகியிருந்தது, விழித்ததும் முறுகியது. ஒரு பொருளை எட்ட முயன்றாலும், அழுதாலும், சிரித்தாலும் முறுக்கம் கூடியது. டிஸ்டோனியா எனப்படும் இந்த முறுக்கத்தின் இயல்பு இது: முயற்சியும் உணர்ச்சியுமே அதைத் தூண்டுகின்றன.

இதை விளங்கிக்கொண்டால்தான் சாப்பாட்டு நேரத்தில் நடப்பது விளங்கும். கரண்டியைக் கண்டவுடன் தலை வலப்பக்கம் திரும்பி முதுகு பின்னால் வளைந்தது. "சாப்பாடு வேண்டாம் என்று திமிறுகிறான், மிஸ்" என்றார் தாய். கண்களை மட்டும் பார்க்கச் சொன்னேன். தலை விலகிப் போனாலும் கண்கள் கரண்டியை விட்டு அகலவில்லை. சாப்பிட வேண்டும் என்ற ஆவல்தான் அவனுடைய உடலை அப்படி முறுக்கியது. ஒரு வேளை உணவுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சென்றது, ஒரு நாளைக்கு ஐந்து வேளை. தாயின் பகல் முழுவதும் இதிலேயே கழிந்தது.

மடியில் கிடத்தி, தலையைப் பின்னால் சாய்த்து, கரண்டியால் வாய்க்குள் ஊற்றுவது வழக்கம். வேறு வழி தெரியாத தாய் கண்ட வழி அது. ஆனால் அந்த நிலையில் சுவாசப்பாதை திறந்திருக்க, திரவம் தன் எடையாலேயே உள்ளே ஓடிவிடுகிறது. பாலுக்குப் புரைக்கேறியது, கண்ணில் நீர் வந்தது, விழுங்கிய பின் குரல் ஈரக் கரகரப்பாக ஒலித்தது. தடித்த கூழ் நாக்கிலும் அண்ணத்திலும் ஒட்டி நின்றது. எல்லாவற்றையும் விட எனக்குக் கவலை தந்தது இடையிடையே இருமலே இல்லாமல் கரகரப்பு மட்டும் வந்ததுதான். இருமல் இல்லாததால் எதுவும் உள்ளே போகவில்லை என்று கொள்ள முடியாது. விழுங்கலை எக்ஸ்-கதிரில் ஓடவிட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு எங்கள் மாவட்டத்தில் வசதி இல்லை. எனவே கழுத்தில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டும், குரலையும் மூச்சின் வேகத்தையும் கவனித்துமே முடிவெடுக்க வேண்டியிருந்தது.

வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பிய பிறகு இரண்டு முறை நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்திருந்தது. புரைக்கேறினால் நெஞ்சுத் தொற்று, தொற்றினால் காய்ச்சல், காய்ச்சலினால் மீண்டும் ஒரு மூளை நெருக்கடி, அதனால் விழுங்கல் இன்னும் மோசம். இந்தச் சுழலை எங்கே வெட்டுவது என்பதே எங்கள் முன் இருந்த கேள்வி.

விளங்கும் திறனையும் அன்றே பார்த்தேன். "அக்கா எங்கே?" என்றதும் கண்கள் கதவோரம் நின்ற அக்காவிடம் போயின. பந்தையும் கரண்டியையும் இரு புறமும் பிடித்துக் கேட்டபோது பெயர் சொன்ன பொருளைப் பார்த்தான். இடம் மாற்றிப் பிடித்தும் சரியாகவே பார்த்தான். இந்த நோயில் அசைவு பெரிதும் கெட்டுப்போனாலும் விளங்கும் திறன் காப்பாற்றப்பட்டிருப்பது பொதுவானது. குடும்பத்துக்கு முன்பு ஒருவர் "ஒன்றும் விளங்காத பிள்ளை, பேசிப் பயனில்லை" என்று சொல்லியிருந்தார். அதன் பிறகு தகப்பன் அவனோடு பேசுவதையே குறைத்திருந்தார். அம்மம்மா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "பிள்ளை, இவனுக்கு எல்லாம் விளங்கும். நான் கோழியைத் துரத்தினால் சிரிக்கிறான்" என்று என்னிடம் சொன்னார். அவர் சொன்னது முழு உண்மை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் இருக்கை. இயன்மருத்துவர் அளவெடுத்துக் கொடுக்க, ஊர்த் தச்சர் ஒரு மூலை நாற்காலி செய்தார். இடுப்பும் முழங்காலும் மடிந்து, பாதம் பலகையில் பதிந்து, தோள்கள் முன்னால் வந்து, நாடி சற்றுக் கீழே இறங்கினால் முறுக்கம் குறைகிறது, சுவாசப்பாதையும் காக்கப்படுகிறது. கரண்டியை நெஞ்சு மட்டத்தில் காட்டி, "சாப்பிடப் போகிறோம்" என்று சொல்லி, ஆவலின் முதல் அலை அடங்கும் வரை காத்திருந்து, கீழிருந்து மேலாகக் கொண்டுபோகப் பழக்கினோம். முறுக்கத்தைத் தளர்த்த நரம்பியல் மருத்துவர் தொடங்கிய பக்ளோஃபென், ட்ரைஹெக்ஸிஃபெனிடில் மருந்துகள் வேலை செய்யும் நேரத்தோடு உணவு வேளையைப் பொருத்தினோம். ஒரு வேளை முப்பது நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்தோம். அதற்கு மேல் அவன் உண்பதைவிட முறுகி எரிப்பது அதிகம்.

அடுத்தது திரவத்தின் தடிப்பு. இங்கேதான் நாம் வழக்கமாகச் சொல்லும் புத்திமதிகள் எல்லாம் தலைகீழாகின. மெலிந்த பிள்ளைக்கு நாம் என்ன சொல்வோம்? பருப்பு, பயற்றம் மா, பால்மா, முட்டை, மீன், திரிபோஷா. அத்தனையும் லைசின் நிறைந்தவை. திரிபோஷாவே சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்ந்த கலவைதான். மற்றப் பிள்ளைகளைத் தேற்றும் அந்தப் பை இவனுக்கு ஆகாது என்பதைக் குடும்பநல உத்தியோகத்தருக்கு எழுத்தில் அறிவித்தோம். இல்லாவிட்டால் எடை குறைந்தது என்று அடுத்த கிளினிக்கில் மீண்டும் கொடுக்கப்பட்டிருக்கும், கொடுப்பவர் மீது தவறும் இருக்காது. புரத அளவைக் கொழும்பிலிருந்த போசணை நிபுணர் கிராம் கணக்கில் தீர்மானித்தார். லைசின் நீக்கிய அமினோ அமில மா தகரத்தில் வந்தது. அது வராமல்போன வாரங்களும் உண்டு.

எனவே தடிப்பாக்குவதற்குப் புரதம் அற்பமாக உள்ள பொருள்கள் வேண்டும். கடைத் தடிப்பாக்கி வன்னியில் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் இந்தக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. சவ்வரிசியும் மரவள்ளி மாவும் வீட்டிலேயே இருந்தன. இரண்டும் பெரும்பாலும் மாப்பொருள். சவ்வரிசியைக் குழையக் காய்ச்சி, மணி இல்லாமல் வடித்து எடுத்த கூழை, புரதக் கணக்குக்குள் அளந்த பாலில் கலந்தோம். வடிக்காமல் விட்டால் வழுக்கும் மணிகள் தனித்து ஓடிப் புரைக்கேறும். சக்திக்குத் தேங்காயெண்ணெய் சேர்த்தோம்.

தடிப்பை ஒவ்வொரு நாளும் ஒரே அளவில் வைக்க 10 மில்லிலீற்றர் சிரிஞ் பயன்பட்டது. சிரிஞ்சில் 0 இலிருந்து 10 வரையான அளவுக்கோடுகள் 61.5 மில்லிமீற்றர் நீளம் இருக்க வேண்டும். முனையை விரலால் அடைத்து 10 மில்லிலீற்றர் நிரப்பி, விரலை எடுத்து 10 செக்கன் ஓடவிட வேண்டும். 1 முதல் 4 மில்லிலீற்றர் எஞ்சினால் தடிப்பின் முதல் நிலை, 4 முதல் 8 எஞ்சினால் இரண்டாம் நிலை. இவனுக்கு இரண்டாம் நிலை ஒத்துவந்தது. தாய் இதை ஒரே நாளில் கற்றுக்கொண்டார். ஊட்டும் சூட்டிலேயே சோதிக்க வேண்டும், ஏனெனில் மாக்கூழ் ஆற ஆறத் தடிக்கும். அதேபோல் வாயில் பட்ட கரண்டியைக் கோப்பைக்குள் திரும்ப விடக்கூடாது. உமிழ்நீரிலுள்ள நொதியம் மாப்பொருளை உடைத்துவிடுவதால் பத்து நிமிடத்தில் கோப்பையில் இருப்பது தண்ணீராகிவிடும். மாப்பொருளால் தடிப்பாக்கும் எல்லா வீடுகளுக்கும் இது பொருந்தும், ஆனால் அரிதாகவே சொல்லிக்கொடுக்கப்படுகிறது.

மூன்றாவது முடிவுதான் எல்லாவற்றிலும் கடினமானது: குழாய். எடை ஏறவில்லை என்பதற்காக மூக்குக் குழாய் போடலாம் என்று வைத்தியசாலை விடுதியில் முன்பே சொல்லியிருந்தார்கள், பெற்றோர் மறுத்திருந்தார்கள். "குழாய் போட்டால் வாயால் சாப்பிடுவதையே மறந்துவிடுவான்" என்று தாய் பயந்தார். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. நானும் வாய் வழி உணவை எளிதில் விட்டுக்கொடுப்பவள் அல்ல.

ஆனால் மருத்துவர் எழுதிய அவசரத் திட்டத்தைப் படித்தபோது குழாயின் தேவை வேறொரு பக்கத்திலிருந்து தெரிந்தது. காய்ச்சலோ வாந்தியோ தொடங்கினால் 24 முதல் 48 மணித்தியாலத்துக்கு இயற்கைப் புரதத்தைக் குறைக்க அல்லது நிறுத்த வேண்டும், மாச்சர்க்கரைக் கரைசலை இரவு பகலாக இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும், கார்னிட்டினைக் கூட்ட வேண்டும். இவனுடைய வயதுக்கு 15 சதவீதக் கரைசல், ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 100 மில்லிலீற்றர். ஏறத்தாழ 7 கிலோவுக்கு 700 மில்லிலீற்றர், பன்னிரண்டு வேளை, வேளைக்கு அறுபதுக்குச் சற்றுக் குறைவு. அந்த அளவு திரவத்தைக் கரண்டியால் கொடுக்க நலமாக இருக்கும் நாளிலேயே அரை மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். காய்ச்சல் நாளில் முறுக்கம் இரட்டிப்பாகும், விழுங்கல் மோசமாகும். நள்ளிரவில், கடைசி பஸ் போன பிறகு, யானை வரும் கிராமத்தில், புரைக்கேறாமல் 700 மில்லிலீற்றரை எப்படிக் கொடுப்பது? இந்தக் கணக்கைத் தாயின் முன்னால் ஒரு தாளில் எழுதினோம். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் இது காய்ச்சலுக்கான குழாய்" என்றார். அவரே தகப்பனுக்கும் அம்மம்மாவுக்கும் அப்படியே விளக்கினார்.

விடுதித் தாதியரிடம் குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் சோதிக்கக் கற்றுக்கொண்ட பின்னரே வீடு திரும்பினார்கள். நாளுக்கு இரண்டு வேளை, நாற்காலியில், தடிப்பாக்கிய சில கரண்டிகள் வாயால் தொடர்ந்தன. பழத்தின் சுவை, சொதியின் சுவை, உதட்டை மூடும் பழக்கம் எதையும் இழக்க விடவில்லை. சில மாதங்களுக்குப் பிறகு கொழும்பில் வயிற்றுக் குழாய் வைக்கப்பட்டது. மயக்கமருந்துக்கு முன் உண்ணாமல் இருப்பதே இவனுக்கு ஆபத்து. அதனால் முந்திய இரவிலிருந்தே நாளத்தில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும் என்பதைக் குழந்தை மருத்துவர் முன்கூட்டியே எழுதி அனுப்பியிருந்தார்.

அவசரக் கடிதம் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரே தாளில் அச்சிடப்பட்டது. வன்னியிலிருந்து மாற்றப்படும் குழந்தை அநுராதபுரத்துக்கோ கொழும்புக்கோ போய்ச் சேரலாம். அங்கே தாய்க்குச் சிங்களம் தெரியாது, மருத்துவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். அந்த இடைவெளியில் இழக்கும் மணித்தியாலங்கள் இந்த நோயில் மீள்வதில்லை.

தொடர்பாடலையும் முதல் வாரத்திலேயே தொடங்கினோம். விழுங்கல் சீராகட்டும், பிறகு பேச்சைப் பார்க்கலாம் என்று சொல்வது பலரிடம் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. விளங்கிக்கொள்ளும் குழந்தை பதில் சொல்ல வழியில்லாமல் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் இழப்புத்தான். மேலே பார்த்தால் "ஓம்", கண்ணை மூடினால் "இல்லை" என்று தொடங்கினோம். பிறகு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளின் நான்கு மூலைகளிலும் படங்கள் ஒட்டி, எதிரே பிடித்திருப்பவர் அவன் கண் போகும் திசையைப் படிக்கும் முறைக்கு வந்தோம். அம்மம்மா, கோழி, உழவு இயந்திரம், "இன்னும்" என்பவை முதல் நான்கு. அந்தத் தாளை எங்கள் எல்லோரையும் விட நன்றாகப் பயன்படுத்தியவள் அவனுடைய அக்கா.

தொடர்ந்தவை

எங்களிடம் வந்த பிறகு முதல் பெரிய காய்ச்சல் 19 மாதத்தில் வந்தது. இரவு. தாய் குழாய் வழியாகக் கரைசலைத் தொடங்கிவிட்டு 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அம்புலன்ஸை அழைத்தார். விடுதியில் கடமையிலிருந்த இளம் மருத்துவர் இந்த நோயை முன்பு கண்டதில்லை. காய்ச்சல் ஒரு நாள்தானே, பார்ப்போம் என்ற நிலை. தாய் கடிதத்தை எடுத்துக் கொடுத்து, "குளுக்கோஸ் இப்போதே ஏற்ற வேண்டும், டொக்டர். காலை வரை வைத்திருக்கக்கூடாது" என்றார். மருத்துவர் கடிதத்தைப் படித்து, குழந்தை மருத்துவரோடு பேசி, உடனே ஏற்றினார். புதிய இழப்பு எதுவும் ஏற்படவில்லை. அதன் பிறகு வந்த காய்ச்சல்களும் அப்படியே கடந்தன. நெஞ்சுத் தொற்று முற்றாக நிற்கவில்லை, ஆனால் வெகுவாகக் குறைந்தது.

இப்போது அவனுக்கு மூன்றரை வயது. எடை கீழ்க் கோட்டைத் தாண்டி மேலே வந்திருக்கிறது. நாற்காலியில் தலையைத் தானே நிமிர்த்திச் சில நிமிடங்கள் வைத்திருக்கிறான். தனியாக உட்காரவில்லை, நடப்பான் என்று நாங்கள் சொல்லவும் இல்லை. வீணீர் இன்னும் வடிகிறது. குரலில் இரண்டு மூன்று உயிரொலிகள் உண்டு, அழைக்கவும் மறுக்கவும் அவற்றை வேறுபடுத்திப் பயன்படுத்துகிறான். தெளிவான பேச்சு வராது என்பதைப் பெற்றோரிடம் நேராகவே சொன்னேன். தகப்பன் அதற்குச் சொன்ன பதில்: "அவன் கண்ணால் சொல்வதை நான் படித்துக்கொள்கிறேன், மிஸ்." முன்பு பேசுவதைக் குறைத்தவர் இன்று வயலிலிருந்து வந்ததும் தாளை எடுத்துக்கொண்டு எதிரே உட்காருகிறார்.

படங்கள் இருபதைத் தாண்டிவிட்டன. எழுத்துக்கு வரும் காலத்துக்கும் வழி யோசித்திருக்கிறோம். தமிழ் எழுத்துகள் 247 ஐயும் ஒரு பலகையில் வைத்தால் கண் தடுமாறும். ஆனால் முதல் பார்வையில் மெய் வரிசையையும் இரண்டாம் பார்வையில் உயிரையும் தேர்ந்தால் 18 உம் 12 உம் போதும், உயிர்மெய் தானாகக் கிடைத்துவிடும். நம் எழுத்தின் அமைப்பே இந்தப் பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கிறது.

ஊர் முன்பள்ளி ஆசிரியை கிழமைக்குச் சில நாட்கள் அவனைச் சேர்த்துக்கொள்கிறார். தொற்று வரும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. தடுப்பூசிகளை முழுமையாகப் போட்டு, கடிதத்தின் பிரதியை முன்பள்ளியிலும் வைத்து, அனுப்புவது என்று முடிவெடுத்தோம். வீட்டுக்குள் வைத்துக் காப்பதன் விலை மிகப் பெரியது.

இதற்கிடையே தாய்க்கு மூன்றாவது பிள்ளை பிறந்தது, பெண். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு என்று முன்பே விளக்கியிருந்ததால் பிறந்த மூன்றாம் நாளே இரத்தமும் சிறுநீரும் அனுப்பப்பட்டன. அவளுக்கும் நோய் இருந்தது. தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லவில்லை. 100 மில்லிலீற்றர் தாய்ப்பாலில் புரதம் ஏறத்தாழ ஒரு கிராம்தான், பசுப்பாலில் மூன்றுக்கு மேல். தாய்ப்பாலோடு விசேட மாவும் கார்னிட்டினும் முதல் வாரத்திலேயே தொடங்கப்பட்டன. இன்று அவளுக்கு 15 மாதம். காய்ச்சல் நாட்களைக் குளுக்கோஸோடு கடந்திருக்கிறாள். பிடித்துப் பிடித்து நடக்கிறாள், "தா" என்கிறாள், இடியப்பத்தைத் தானே பிய்த்து வாயில் வைக்கிறாள்.

மாறியவையும் மாற வேண்டியவையும்

எங்கள் கிளினிக்கில் விருத்தித் தாமதத்தோடு வரும் ஒவ்வொரு குழந்தையின் கொப்பியிலும் தலைச் சுற்றளவுப் பக்கத்தை இப்போது முதலில் திறக்கிறோம். பெரிய தலை மட்டும் நோயாகாது. பெரிய தலையோடு கழுத்துத் தாமதமும் சொந்தத்துத் திருமணமும் காரணம் தெரியாத குழந்தை மரணமும் சேர்ந்தால், காய்ச்சல் வரும் வரை காத்திருக்காமல் குழந்தை மருத்துவருக்கு எழுதுகிறோம். குடும்பநல உத்தியோகத்தர்களோடு இதைப் பேசியிருக்கிறோம். வீடு வீடாகப் போகும் அவர்களுக்குத்தான் இந்த நான்கும் ஒரே இடத்தில் தெரியும்.

மூளைக்காய்ச்சல் என்ற பெயரோடு வீடு திரும்பும் குழந்தை விடுதியை விட்டுப் போகும் முன்பே எங்களைப் பார்க்க வேண்டும். இந்தக் குழந்தை எங்களிடம் வர ஏறத்தாழ நான்கு மாதங்கள் சென்றன, இரண்டு நெஞ்சுத் தொற்றும் அந்த இடைவெளியில்தான் வந்தன. நோயின் பெயர் தெரியாத நிலையிலும் விழுங்கலைப் பார்க்கலாம், நாற்காலியைச் சரிசெய்யலாம், கண்ணால் பதில் சொல்லப் பழக்கலாம். இவை எதற்கும் சிறுநீர் அறிக்கை தேவையில்லை.

விசேட மா தடையின்றிக் கிடைப்பதற்கு இன்னும் தீர்வு இல்லை. தகரம் தாமதமாகும் வாரங்களில் என்ன செய்வது என்பதற்குப் போசணை நிபுணர் ஒரு மாற்றுப் பட்டியல் தந்திருக்கிறார். அது தற்காலிக ஏற்பாடு மட்டுமே, அதில் நீண்ட நாள் ஓட்ட முடியாது.

அடுத்த மீளாய்வில் பெரியவனுக்கு இடுப்பு எக்ஸ்-கதிர் எடுக்கப்படும். முறுக்கம் தொடரும் பிள்ளைகளில் தொடை எலும்பு மூட்டை விட்டு விலகுவது வழக்கம், வலி வந்த பிறகு கண்டுபிடித்தால் இருக்கையும் சாப்பாடும் மீண்டும் குலைந்துவிடும். தச்சர் பெரிய அளவில் புதிய நாற்காலி செய்துகொண்டிருக்கிறார். சிறியவளின் கடிதம் ஒவ்வொரு எடைக்கும் ஏற்ப மாற்றி அச்சிடப்படுகிறது, அவளுக்கு 6 வயது முடியும் வரை அப்படியே செய்யப்படும்.